கிரெடிட் கார்டு பாயின்ட்: ஒரு நாட்டில் அள்ளித் தருகிறார்கள், இன்னொரு நாட்டில் கிள்ளித் தருகிறார்கள், ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாயின்ட், கேஷ்பேக் என்று வங்கி கொடுக்கிறதே, அது யாருடைய பணம்?

பெரும்பாலும் கடைக்காரருடையது. 1,000-க்கு ஒரு செருப்பு வாங்கிக் கார்டைத் தேய்க்கிறீர்கள் என்று வையுங்கள், நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். கடைக்காரர் கணக்கில் 1,000 ஏறாது, உத்தேசமாக 980 ஏறும். பிடித்த 20-இல் கொஞ்சம் கடைக்கு மெஷின் கொடுத்த வங்கிக்கு, கொஞ்சம் விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான நெட்வொர்க்குக்கு, பெரும்பங்கு உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. கடைசியில் சொன்ன அந்தப் பங்குக்குத்தான் இன்டர்சேஞ்ச் என்று பெயர். மொத்தமாகப் பிடிக்கும் 20-ஐ இந்தியாவில் எம்டிஆர் என்பார்கள். உங்கள் வங்கிக்குக் கிடைத்த 15 சொச்சத்தில் 10-ஐ எடுத்து “1% கேஷ்பேக்” என்று உங்களிடமே நீட்டுகிறது. அது வங்கி தன் கைக்காசிலிருந்து தரும் அன்பளிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தால் மன்னிக்கவும்.

வட்டி, ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், வெளிநாட்டுச் செலவுக்கு நாணய மாற்றில் ஏற்றும் கூடுதல் (மார்க்கப்) என்று வங்கிக்கு வேறு வரும்படிகளும் உண்டு. ஆனால் மாதாமாதம் முழு பில்லையும் கட்டிவிடுகிற ஆளுக்குக் கிடைக்கும் பாயின்ட்டைத் தாங்கி நிற்பது முக்கியமாக இன்டர்சேஞ்ச்தான்.

இதில் அரசாங்கம் எங்கே வருகிறது?

அந்த 15-ஐக் குறைக்கச் சொல்லலாம். கார்டில் கட்டுகிறவரிடம் கடைக்காரர் தனியாகக் கூடுதல் பணம் கேட்கலாமா கூடாதா என்று சொல்லலாம். வட்டிக்கும் அபராதத்துக்கும் உச்சவரம்பு போடலாம். எதையும் தொடாமல் சும்மாவும் இருக்கலாம், அதுவும் ஒரு கொள்கைதான். எந்த நாடு எதைத் தொட்டது என்று தெரிந்தால் அங்கே கார்டு எப்படி இருக்கும் என்பதைப் பாதிக்குமேல் ஊகித்துவிடலாம்.

ஐரோப்பாவில் இருக்கும் நண்பர் “இங்கே கார்டில் ஒன்றுமே தேறாது” என்கிறார். உண்மையா?

ஏறக்குறைய உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் தனிநபர் டெபிட் கார்டுக்கு இன்டர்சேஞ்ச் 0.2%, கிரெடிட் கார்டுக்கு 0.3%, அதற்கு மேல் கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 யூரோ செலவில் வங்கிக்கு வருவதே 30 சென்ட். அதில் ஒரு யூரோவை உங்களுக்குத் திருப்பிக் கொடு என்றால் எங்கே போகும்? இந்தச் சட்டம் வந்ததும் பிரிட்டனில் பல வங்கிகள் கேஷ்பேக் கார்டுகளைக் குறைத்தன, சில அடியோடு நிறுத்தின. பிரிட்டன் பிறகு ஒன்றியத்தை விட்டு வெளியேறினாலும் உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு அதே உச்சவரம்பை வைத்துக்கொண்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஆன்லைனில் நடக்கும் பரிவர்த்தனைகள் அந்த வரம்புக்குள் வரவில்லை. விசாவும் மாஸ்டர்கார்டும் அவற்றுக்கான இன்டர்சேஞ்சை டெபிட்டுக்கு 1.15%, கிரெடிட்டுக்கு 1.5% என்று ஏற்றிவிட்டன, அதாவது ஏறத்தாழ ஐந்து மடங்கு. வேலி எங்கே முடிகிறதோ அங்கிருந்தே மேய்ச்சல் ஆரம்பம்.

ஆனால் ஐரோப்பாவில் அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) மட்டும் பாயின்ட் தருகிறதே?

விசா, மாஸ்டர்கார்டு வழியில் நான்கு தரப்பு உண்டு: நீங்கள், உங்கள் வங்கி, கடைக்காரர், அவருடைய வங்கி. இரண்டு வங்கிகளுக்கு நடுவே கைமாறுவதுதான் இன்டர்சேஞ்ச். அமெக்ஸ் தானே கார்டு கொடுத்து, கடைக்காரரையும் தானே சேர்த்துக்கொள்ளும்போது நடுவில் கைமாறுவதற்கு ஒன்றுமில்லை, ஆகவே உச்சவரம்பு அதன்மேல் நேரடியாக விழவில்லை. வேறொரு வங்கி அமெக்ஸ் பெயரில் கார்டு கொடுத்தால் மட்டும் விதி பொருந்தும். அதனாலேயே ஐரோப்பாவில் வங்கிகளுக்கு அப்படி உரிமம் கொடுப்பதை அமெக்ஸ் கைவிட்டது. நிறுவனங்களின் பெயரில் வரும் கமர்ஷியல் கார்டுகளுக்கும் இந்த வரம்பு கிடையாது.

அமெரிக்காவில் மட்டும் ஏன் விமான டிக்கெட்டே இலவசமாக வாங்கும் அளவுக்குப் பாயின்ட்?

கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சுக்கு அங்கே உச்சவரம்பே இல்லை. பாயின்ட் அதிகம் தரும் பிரீமியம் கார்டுகளில் 2%-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். நெட்வொர்க்குக்குப் போட்டி வங்கிகளை இழுப்பதில், வங்கிக்குப் போட்டி நல்ல வாடிக்கையாளரை இழுப்பதில். யார் அதிகம் தருகிறார்களோ அவர்கள் பக்கம் ஆள் சேரும், அந்த ஆள் வைத்திருக்கும் கார்டைக் கடைக்காரர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மற்ற பொருள்களில் போட்டி வந்தால் விலை இறங்கும், இங்கே ஏறுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விசித்திரம் இதுதான்.

“இந்தக் கார்டு வேண்டாம், கட்டணம் குறைவான அந்தக் கார்டைத் தாருங்கள்” என்று கடைக்காரர் வாடிக்கையாளரைத் திருப்பிவிடுவதை அமெக்ஸ் தன் ஒப்பந்தத்திலேயே தடுத்திருந்தது. அது போட்டியைக் கெடுக்கிறது என்று ஓஹையோ உள்ளிட்ட மாநிலங்கள் தொடுத்த வழக்கில் 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அமெக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கிரெடிட் கார்டுக்கு இரண்டாவது நெட்வொர்க் ஒன்றையும் கட்டாயமாக்கி, கடைக்காரருக்குத் தேர்வு கொடுக்கும் மசோதாவை செனட்டர்கள் டர்பினும் மார்ஷலும் 2022-இல் முன்வைத்தார்கள். அதை எதிர்த்து வங்கிகள் பேசும்போதெல்லாம் முன்னால் தள்ளும் ஆயுதம் “உங்கள் பாயின்ட் போய்விடும்” என்பதுதான்.

டர்பின் என்றால் அந்த டெபிட் கார்டு சட்டக்காரர்தானே? அதில் என்ன ஆயிற்று?

அவரேதான். 2010-இல் வந்த டாட்-ஃபிராங்க் என்ற நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டத்தில் அவர் சேர்த்த திருத்தத்தால், 2011 அக்டோபர் 1 முதல் 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்து வைத்திருக்கும் வங்கிகளின் டெபிட் கார்டுக்கு ஒரு பரிவர்த்தனைக்கு 21 சென்ட்டும் தொகையில் 0.05%-உம் என்று வரம்பு வந்தது. மோசடித் தடுப்புக்காக இன்னும் ஒரு சென்ட். பெரிய வங்கிகளின் டெபிட் கார்டு பாயின்ட் திட்டங்கள் ஏறக்குறைய அதோடு மூட்டை கட்டின. இலவசமாக இருந்த கணக்குகளுக்கும் பல வங்கிகள் நிபந்தனை போட்டன.

கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னொன்று தெரியும். சின்னத் தொகைகளுக்கு அதற்குமுன் நெட்வொர்க்குகள் சலுகை விலை வைத்திருந்தன. இரண்டு டாலருக்குக் காபி விற்கிறவர் சில சென்ட்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். உச்சவரம்பு வந்ததும் அந்தச் சலுகை போய் அவருக்கும் 22 சென்ட் வாக்கில் விழுந்தது. “இதற்கு மேல் கூடாது” என்று போட்ட கோடு “இதுதான் விலை” என்று ஆகிவிட்டது. பெரிய தொகைக்கு விற்கிறவருக்கு லாபம், காபிக்காரருக்கு நஷ்டம், சட்டம் யாருக்காக வந்ததோ அவர்களில் ஒரு பகுதிக்கே அடி.

கடைக்காரருக்குக் கட்டணம் குறைந்தால் பொருள் விலை குறைய வேண்டுமே?

குறைய வேண்டும் என்றுதான் எல்லாச் சட்டங்களின் முன்னுரையும் சொல்கிறது. அமெரிக்காவில் டர்பின் திருத்தத்துக்குப் பிறகு ரிச்மண்ட் ஃபெடரல் ரிசர்வ் வங்கி பங்கேற்ற ஓர் ஆய்வில் கடைக்காரர்களைக் கேட்டபோது, விலையைக் குறைத்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர்தான். பிரிட்டனில் கட்டண ஒழுங்குமுறை ஆணையம் 2021-இல் சொன்ன முடிவு இன்னும் கொஞ்சம் கசப்பு: ஐரோப்பிய உச்சவரம்பால் மிச்சமான பணம் சிறு, நடுத்தரக் கடைகளுக்குப் பெரிதாகப் போய்ச் சேரவே இல்லை, நடுவிலிருக்கும் மெஷின்கார நிறுவனங்களிடமே நின்றுவிட்டது. பேரம் பேசத் தெரிந்த பெரிய கடைகளுக்குக் கிடைத்தது.

ஆனாலும் உச்சவரம்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் மறுபக்கக் கணக்கு ஒன்று இருக்கிறது. கார்டுக் கட்டணத்தைக் கடைக்காரர் பொருள் விலையில் ஏற்றுகிறார், அந்த விலையை ரொக்கம் கொடுப்பவரும் கொடுக்கிறார், பாயின்ட் மட்டும் கார்டு வைத்திருப்பவருக்குப் போகிறது. பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கிப் பொருளியலாளர்கள் 2010-இல் போட்ட கணக்குப்படி அமெரிக்காவில் ரொக்கத்தில் வாழும் குடும்பம் ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரை இப்படி இழக்கிறது, கார்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு 1,133 டாலர் வந்து சேருகிறது. கார்டே கிடைக்காத ஏழை, விமான நிலைய லவுஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு மொய் எழுதுகிறார் என்று சொன்னால் மிகையில்லை. நானும் பாயின்ட் சேர்க்கிறவன்தான், அதனால் இதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல முடியவில்லை.

ஆஸ்திரேலியாவில் கார்டு கொடுத்தால் கூடுதலாகக் கேட்கிறார்களே, அது சட்டப்படி சரியா?

2003 முதல் பல ஆண்டுகளாகச் சரியாகவே இருந்தது, இப்போது அது மாறும் கட்டம். இந்த விளையாட்டில் உலகத்துக்கே முன்னோடி ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி. 2003-இல் கூடுதல் கட்டணம் கேட்கக் கூடாது என்ற நெட்வொர்க் விதியை உடைத்தது, கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சை ஏறத்தாழ 0.95%-இலிருந்து 0.5% அளவுக்கு இறக்கியது. கையோடு ஆண்டுக் கட்டணம் ஏறியது, ஒரு டாலருக்குக் கிடைத்த பாயின்ட் தேய்ந்தது.

வங்கிகள் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தன. ஒரே கணக்குக்கு இரண்டு கார்டு, ஒன்று விசா அல்லது மாஸ்டர்கார்டு, இன்னொன்று அதே வங்கி தரும் அமெக்ஸ். வரம்புக்கு வெளியே இருந்த அமெக்ஸில் பாயின்ட் கொட்டும். 2017 ஜூலையில் அந்த வழியையும் அடைத்தார்கள், அதன் பிறகு பெரிய வங்கிகள் அந்த ஜோடிக் கார்டுகளை ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கின. கடைக்காரர்கள் அளவுக்கு மீறிக் கேட்பதாகப் புகார் வந்ததால், தனக்கு ஆகும் செலவுக்கு மேல் கேட்கக் கூடாது என்ற விதியும் வந்தது. 2025 ஜூலையில் அதே ரிசர்வ் வங்கி, கூடுதல் கட்டணத்தையே எடுத்துவிட்டு கிரெடிட் இன்டர்சேஞ்சை 0.3%-க்கு இறக்கலாம் என்று முன்மொழிந்தது. இருபது சொச்சம் ஆண்டுகளில் முழு வட்டம்.

பிரிட்டனில் நேர்மாறு, 2018 ஜனவரி 13 முதல் தனிநபர் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் கேட்பதற்கே தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உச்சவரம்புக்குள் வரும் கார்டுகளுக்கு அதே தடை. கனடாவில் 2022 அக்டோபர் முதல் கேட்கலாம், கியூபெக் மாகாணம் விதிவிலக்கு.

இந்தியாவில் என்ன நிலை?

டெபிட்டும் கிரெடிட்டும் இரண்டு வேறு உலகம். டெபிட் கார்டுக்கு 2018 ஜனவரியிலிருந்து சிறு கடைகளுக்கு 0.40%, மற்றவர்களுக்கு 0.90% என்று எம்டிஆர் உச்சவரம்பு. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட்டுக்கும் யுபிஐக்கும் எம்டிஆர் பூஜ்யம். கிரெடிட் கார்டு எம்டிஆருக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை, அதனால்தான் பாயின்ட் எல்லாம் கிரெடிட் கார்டில் இருக்கிறது, டெபிட் கார்டில் ஏதோ பேருக்கு. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைக்கும் வசதி 2022-இல் வந்தது, அதில் சிறு வணிகர்களிடம் 2,000 ரூபாய் வரையிலான செலவுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் செலவுக்குப் பாயின்ட் கொடுக்க வங்கி மூக்கால் அழுவதற்கு இதுதான் காரணம்.

என் கார்டில் வாடகை, மின்கட்டணம், பெட்ரோல், வாலட் எதற்கும் பாயின்ட் இல்லை என்று போட்டிருக்கிறதே?

ஒவ்வொரு கடைக்கும் நெட்வொர்க்கில் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு, எம்சிசி என்பார்கள். உணவகத்துக்கு ஓர் எண், பெட்ரோல் பங்குக்கு ஓர் எண், பள்ளிக்கு வேறு எண். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்டர்சேஞ்ச் எவ்வளவு என்று முடிவாகும். எரிபொருள், மின்கட்டணம், காப்பீடு, அரசுக் கட்டணம் இவற்றில் இன்டர்சேஞ்ச் குறைவு. வங்கிக்கு வராததை வங்கி தராது, அவ்வளவுதான். விலக்குப் பட்டியலை இப்படிப் படித்தால் அது வங்கியின் வரவுப் புத்தகம் மாதிரியே இருக்கும்.

வாடகை விஷயம் கொஞ்சம் வேறு. வீட்டுக்காரர் பெயரில் தம்பி கணக்கைக் கொடுத்து, பணத்தைச் சுற்றவிட்டுப் பாயின்ட் அள்ளியவர்கள் ஏராளம். வங்கிகள் முதலில் 1% கட்டணம் போட்டன, பிறகு பாயின்ட்டை நிறுத்தின, 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பேமென்ட் அக்ரிகேட்டர் (பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் இடைநிறுவனம்) விதிகளை இறுக்கியதும் பல செயலிகள் அந்தச் சேவையையே எடுத்துவிட்டன.

வட்டிக்கு எங்குமே உச்சவரம்பு இல்லையா?

உண்டு, ஆனால் ஒரே மாதிரி இல்லை. ஜப்பானில் கார்டில் எடுக்கும் ரொக்கக் கடனுக்குத் தொகையைப் பொறுத்து ஆண்டுக்கு 15 முதல் 20% வரைதான். கனடாவில் எந்தக் கடனானாலும் பொதுவாக 35%-ஐத் தாண்டினால் 2025 ஜனவரி முதல் குற்றவியல் சட்டத்தில் மாட்டும். இந்தியாவில் 30%-க்கு மேல் வட்டி நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்தது, வட்டியைப் பார்த்துக்கொள்வது ரிசர்வ் வங்கியின் வேலை என்று. மாதம் 3.5% என்றால் ஆண்டுக்கு 42%, அதன்மேல் ஜிஎஸ்டி 18% தனி.

பிரேசில் கதை வேறு ரகம். பில்லை முழுதாகக் கட்டாமல் உருட்டினால் வட்டி ஆண்டுக்கு 400%-ஐத் தாண்டியது, அச்சுப்பிழை இல்லை. 2023-இல் வந்த சட்டத்தின்படி 2024 ஜனவரி முதல் வட்டியும் கட்டணமும் சேர்ந்து அசல் கடனின் அளவைத் தாண்டக் கூடாது. 100 கடன் பட்டால் அதிகபட்சம் 200 கட்ட வேண்டும்.

அமெரிக்காவில் 1978-இல் ஒரு தீர்ப்பு: தேசிய வங்கி தன் தலைமையகம் இருக்கும் மாநிலத்தின் வட்டி விதியை நாடு முழுக்கப் பயன்படுத்தலாம். தெற்கு டகோட்டா உச்சவரம்பை எடுத்தது, 1981-இல் சிட்டிபேங்க் தன் கார்டு வியாபாரத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போனது. ஒரு மாநிலம் கதவைத் திறந்தது ஐம்பது மாநிலத்துக்கும் விதியாயிற்று.

கொரியா, சீனா?

சுருக்கமாக. சீனாவில் 2016 செப்டம்பர் முதல் கிரெடிட் கார்டுக்கு வங்கியின் பங்கு 0.45%-ஐத் தாண்டக் கூடாது. தென் கொரியாவில் கடைக்காரர் கார்டை மறுக்க முடியாது, பதிலுக்குச் சிறு கடைகளுக்கான கட்டணத்தை அரசே நிர்ணயித்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே வந்தது, மிகச் சிறிய கடைகளுக்கு 2025-இல் 0.4%. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு சலுகை அதிகமுள்ள கார்டுகள் சில காணாமல் போகும், கொரியர்களுக்கு இது பழகிப்போன செய்தி.

வெளிநாட்டில் தேய்க்கும்போது மெஷின் “உங்கள் நாணயத்தில் கட்டலாமா” என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

அந்த ஊர் நாணயத்தை. எப்போதும். திரையில் இரண்டு தொகை தெரியும், உங்கள் நாணயத் தொகை பெரிதாக, பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கும், ஊழியர் அவசரத்தில் தானே அழுத்திவிடுவதும் உண்டு. நான் ஒருமுறை அப்படி ஏமாந்து, அறைக்கு வந்து ரசீதைப் பார்த்தபோதுதான் மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருந்த கூடுதல் தெரிந்தது, இரண்டு வருடப் பாயின்ட்டை ஒரே இரவில் திருப்பிக் கொடுத்த மாதிரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், ஐரோப்பிய மத்திய வங்கி விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று காட்டியே ஆக வேண்டும். படித்துப் பார்த்தால் போதும், கை தானாகவே அந்தப் பொத்தானுக்குப் போகாது.

பாயின்ட் தவிர, சட்டமே கார்டுக்காரருக்குத் தரும் நன்மை ஏதாவது?

பாயின்ட்டைவிடப் பெரியது. பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கி, விற்றவர் ஏமாற்றினாலோ திவாலானாலோ வங்கியும் சேர்ந்தே பொறுப்பு. அமெரிக்காவில் கார்டைத் திருடி வேறொருவர் செலவு செய்தால் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். 2009-இல் வந்த இன்னொரு சட்டம் வட்டியை ஏற்றுவதற்கு 45 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை காலமாகும் என்று பில்லிலேயே அச்சடிக்க வைத்தது.

பாயின்ட் மதிப்பை வங்கி திடீரென்று குறைத்தால் வழக்குப் போடலாமா?

போடலாம், ஜெயிப்பது கஷ்டம். பாயின்ட் உங்கள் பணம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம் என்று நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருக்கும். வட்டி, கட்டணம் என்று வந்தால் பல நாடுகளில் சட்டம் குறுக்கே நிற்கும், பாயின்ட் விஷயத்தில் அந்த அளவுக்கு நிற்பதில்லை. அதனால் சேர்த்து வைத்து அழகு பார்க்காதீர்கள், தேறியதும் செலவழித்துவிடுங்கள்.

கார்டே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், மூட மறுக்கிறார்கள். என்ன செய்வது?

இந்தியாவில் என்றால் வழி தெளிவு. பாக்கி எதுவும் இல்லாமல் இருந்தால், கேட்ட நாளிலிருந்து 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், இல்லையென்றால் மூடும் வரை நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும், இது 2022 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் “சார், ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம்” என்று அரைமணி நேரம் இழுப்பார்கள். மின்னஞ்சலில் எழுதுங்கள், தேதி பதிவாகும். அதற்குமுன் மிச்சமிருக்கும் பாயின்ட்டை எடுத்துவிடுங்கள், மூடிய பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.